றுகையா வீட்டுப் பின்சுவர்

மேசன் சாமித்தம்பி அலவாங்குக் கம்பியை ஓங்கிக் குத்தியதும் பின்சுவரின் முதல் செங்கல் வளவுக்குள் விழுந்தது.

றுகையா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய வாப்பா சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு. இடிக்கச் சொன்னவர் அவளுடைய புருசன் கச்சிமுகம்மது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிணற்றடியையும் மாதுளை மரத்தையும் வீட்டோடு சேர்க்கப் போகிறாராம். வேலியைப் பிடுங்கிவிட்டு, அயலார் எட்டிப் பார்க்க முடியாத உயரத்துக்கு மதில். மாதுளையைப் பார்த்தபடி அகலமான ஜன்னல் வைத்து ஓர் அறை.

யாருக்கு அந்த அறை என்று அவளுக்குத் தெரியாதா?

கல்யாணமாகி இத்தனை காலம், மடியில் ஒரு பிள்ளை இல்லை. கடைக்குத் துணி எடுக்க என்று சொல்லிவிட்டு அடிக்கடி மட்டக்களப்புக்கு பஸ் ஏறுகிறார். வெறுங்கையோடு திரும்பி வருகிறார். படுக்கையும் தனியாகிவிட்டது, விறாந்தையில் பாய் போட்டுக்கொள்கிறார். அயல் பெண்கள் இவளைக் கண்டதும் கதையை நிறுத்துகிறார்கள்.

அடுத்த கல் விழுந்தது.

அவளால் தாங்க முடியவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, மேசன் நிற்பதையும் பாராமல் வளவில் இறங்கிப் புருசன் முன்னால் போய் நின்றாள்.

"என்ட வீட்ட இடிச்சி எவளக் கொண்டாந்து வைக்கப் போறீங்க?"

சாமித்தம்பி அலவாங்கைச் சாத்திவிட்டுக் கிணற்றடிப் பக்கம் ஒதுங்கினார்.

கச்சிமுகம்மது வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருமினார். வாயைத் துடைத்த லேஞ்சியை அவள் பார்க்குமுன் சுருட்டி மடியில் செருகிக்கொண்டார்.

"ஆரையும் கொண்டுவரல்ல, புள்ள. மட்டக்களப்பு ஆஸ்பத்திரில டொக்டர் இனிச் சொகமாக்க ஏலாண்டுட்டார். புருசன் மவுத்தான பொறகு ஒன்ட கூடப்பொறந்த ராத்தா, ஆம்புளைகள்ட கண்ணுல படாம மாசக்கணக்கா இருட்டறைக்குள்ள இத்தா இருந்துட்டு எப்பிடி வெளிய வந்தாண்டு ஒனக்குத் தெரியும்தானே. எனக்குப் பொறகு நீ அப்பிடிக் கிடக்கப்படாதுண்டுதான் இந்த அறையும் மதிலும்."

றுகையா சுவரடிக்குப் போனாள்.

குனிந்து, காலடியில் கிடந்த செங்கல்லைத் தூக்கினாள். சுவரில் விழுந்திருந்த ஓட்டைக்குள் அதைத் திரும்ப வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.