இன்னும் ஒரே ஒரு உதை

"கும்பகர்ணன்கூட ஆறு மாசத்துல எந்திரிச்சிடுவான். இது ரெண்டு வருஷமாத் தூங்குது. விட்டுடுங்களேன்" என்றாள் மனைவி, கதவில் சாய்ந்துகொண்டு.

கணக்கு வாத்தியார் விடுகிற ஆளா? மாடிப்படிக்குக் கீழே மூடிக் கிடந்த ஸ்கூட்டரைக் காலையிலேயே வாசலுக்குத் தள்ளி வந்துவிட்டார். பேட்டரி செத்துப்போயிருந்தது. டயர் இரண்டும் சப்பை. சைலன்சரில் ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அதைக் காலி செய்து, பழைய பெட்ரோலை இறக்கிப் புதுசு ஊற்றி, பம்பை எடுத்து வந்து காற்றும் அடித்தாயிற்று. அப்புறம் உதை. உதைமேல் உதை.

"அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்."

"அம்மி நகரும். இது நகராது. மூணு மணிக்குப் பழைய இரும்புக்காரர் வந்துடுவார். கொடுத்தனுப்பிட்டு நிம்மதியா இருப்போம்."

"அதுக்குள்ள ஸ்டார்ட் ஆயிட்டா கொடுக்கக் கூடாது. நீ ஒத்துக்கிட்ட."

"ஆகாதுன்னு தெரிஞ்சுதானே ஒத்துக்கிட்டேன்."

வாத்தியார் சிரித்துக்கொண்டே இன்னொரு உதை விட்டார். முட்டி சுள்ளென்றது. அவர் முகம் சுளித்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"அந்தக் காலை வச்சுக்கிட்டு இது தேவையா? அன்னைக்கு விழுந்தது போதாதா?"

"அது வண்டியோட தப்பு இல்ல."

"வண்டியோட தப்புன்னு நான் சொன்னேனா?"

"பின்னே யார் தப்பாம்?"

அவள் முந்தானையால் கதவைத் துடைக்க ஆரம்பித்தாள்.

மழை, மணல், ஒரு திருப்பம். அவ்வளவுதான் அன்று நடந்தது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவருக்கு முட்டியில் கம்பி. முட்டி ஒருவழியாகத் தேறிவிட்டது. அவள்தான் தேறவில்லை. தையல் கிளாஸ் எடுக்கப் போவதை நிறுத்திவிட்டாள். தெருவைத் தாண்டுவதென்றால்கூட அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வாள். சாயங்காலமானால் இருவரும் ஏரிக்கரைக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வந்ததெல்லாம் பழைய கதை. இப்போது ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவிலேயே பொழுது போகிறது. இந்த வண்டியும் இரும்புக்குப் போய்விட்டால், தன் மனைவி இப்படியே வீட்டுக்குள் முடங்கிவிடுவாளோ என்று வாத்தியாருக்குப் பயமாக இருந்தது.

ஸ்பானரோடு மல்லுக்கட்டிப் பிளக்கைக் கழற்றினார். மெக்கானிக்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"சார், உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? போனை அக்காகிட்ட கொடுங்க" என்றான் மெக்கானிக்.

"நான் பேசலைன்னு சொல்லுங்க" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

"கேட்டுச்சு சார். சரி, பிளக் நனைஞ்சிருக்கா, காஞ்சிருக்கா?"

"காஞ்சு கிடக்குப்பா."

"அப்ப பெட்ரோலே இறங்கல. சீட்டுக்கு அடியில பெட்ரோல் டேப் இருக்குமே, திறந்தீங்களா?"

"கணக்கு வாத்தியார்கிட்ட கேக்கற கேள்வியா இது? எல்லாம் ஸ்டெப் ஸ்டெப்பாத்தான் செஞ்சேன். பெட்ரோல் ஊத்தின உடனே திறந்துட்டேன்."

சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். டேப் மூடியிருந்தது. அதைத் திறந்த கையோடு அவர் பம்பு எடுக்க உள்ளே போனதும், திரும்பி வரும்போது மனைவி வண்டியருகே நின்றுகொண்டிருந்ததும் ஞாபகத்துக்கு வந்தன. நிமிர்ந்தார். ஜன்னலுக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"என்ன சார், மூடியிருக்கா?"

"ஆமாம்ப்பா. நான்தான் மறந்துட்டேன் போல" என்று போனை வைத்தார் வாத்தியார்.

பிளக்கை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் குட்டி லாரி வந்து நின்றது. பழைய இரும்புக்காரர் கயிற்றோடு இறங்கினார்.

"ஓடாத வண்டின்னு அம்மா சொன்னாங்க. ஏத்திடலாமா?"

"இன்னும் மூணு ஆகலையே. ஒரே ஒரு உதை. அதுக்கப்புறம் நீங்க எடுத்துக்குங்க."

பிளக்கை மாட்டினார். டேப்பைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்தார். வண்டி இருமியது, குபுகுபுவென்று புகை விட்டது, அப்புறம் படபடவென்று பிடித்துக்கொண்டது.

"ஓடுற வண்டியை உடைக்கிறது பாவங்க" என்று இரும்புக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மனைவி தயங்கித் தயங்கி வெளியே வந்தாள். "டேப்பை மூடினது யாருன்னு கேக்க மாட்டீங்களா?"

"விடை சரியா வந்தாச்சு. நடுவுல யாரு அழிச்சாங்கன்னு எதுக்குக் கேக்கணும்?"

"எனக்குப் பயமா இருக்குங்க. மறுபடியும் உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா?"

ஹெல்மெட் இரண்டையும் தூசி தட்டினார். ஒன்றைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, மற்றதை அவள் தலையில் மாட்டி, வாரையும் பூட்டிவிட்டார்.

"ஏரிக்கரை வரைக்கும்தான். மெதுவாப் போயிட்டு மெதுவா வந்துடலாம்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வாத்தியார் கம்பி வைத்த காலை மெல்லத் தூக்கிப் போட்டு, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீ நல்லாத்தான் ஓட்டின, நான்தான் பிடிச்சுக்காம உக்காந்திருந்தேன்" என்றார். "இன்னைக்கு உன்னைக் கெட்டியாப் பிடிச்சுக்கறேன். எடு, போகலாம்."