நல்ல கை

பிசியோதெரபி அறையின் கண்ணாடி வழியே வெயில் இணைக் கம்பிகளின் மேல் விழுகிறது. பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துபோன அக்கா, கம்பிகளுக்கு நடுவே முதல்முறையாக நடக்கிறாள். எதிரே தங்கை கைகளை நீட்டியபடி பின்னோக்கி நகர்கிறாள். "தள்ளிப் போடி, இடிச்சிடப் போறேன்" என்கிறாள் அக்கா. சுற்றி நிற்கும் மருத்துவப் பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் சிரிக்கிறார்கள். "முட்டியைப் பாருங்க, நல்லா மடங்குது" என்று பேராசிரியர் சொல்ல, மாணவர்களின் தலைகளெல்லாம் அந்த இடது காலை நோக்கிக் குனிகின்றன. தங்கையின் பார்வை மட்டும் அக்காவின் வலது கையில் நிற்கிறது. இத்தனை நாளும் உடம்பு மொத்தத்தையும் தாங்கிய நல்ல கை. அதன் விரல்கள் ஒவ்வொன்றாகக் கம்பியை விட்டு நழுவுகின்றன. "அக்கா, கெட்டியாப் பிடிச்சுக்கோ." பிடித்துக்கொண்டுதான் இருப்பதாக நினைத்து அக்கா பதில் சொல்ல வருகிறாள், சொல் நாக்கில் குழறி நின்றுவிடுகிறது. "டாக்டர்!" என்று தங்கை அலறுகிறாள். காலைப் பார்த்துக் குனிந்த தலைகள் இன்னும் நிமிரவில்லை.