நடுவில் பிரேக்

"ஆக்சிலேட்டர் ஒட்டிக்கிச்சுங்க ஐயா. என் கையில ஒண்ணுமில்லே."

டிரைவர் ஷரஃபுதீன் வாயில் அந்தப் பொய் எப்படித்தான் அவ்வளவு சுருக்காக வந்ததோ. பனகல் பார்க் கம்பி வேலியில் மூக்கைச் செருகிக்கொண்டு கார் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பின் சீட்டில் முதலாளி ராஜரத்தின முதலியார் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். குறுக்கே வந்த சைக்கிள்காரன் இரண்டு முழம் தள்ளி, செத்துப் பிழைத்த முகத்தோடு நின்றான்.

யாருக்கும் பெரிய அடி இல்லை. அந்த மட்டும் அல்லா காப்பாற்றினான்.

நடந்தது இன்னதென்று ஷரஃபுதீனுக்குத் தெரியும். முதலியாரின் பழைய காரில் ஆக்சிலேட்டர் நடுவில், பிரேக் வலது ஓரம். பத்தொன்பது வருஷம் மிதித்து மிதித்துக் கால் அதற்கே பழகிப் போயிருந்தது. போன மாசம் சுதந்திரம் வந்ததோ இல்லையோ, அடையாறில் இருந்த துரை ஒருவன் கப்பலேறுகிற அவசரத்தில் தன் புதுக் காரை முதலியாருக்குச் சல்லிசாக விற்றுவிட்டுப் போனான். அதில் எல்லாம் தலைகீழ். பிரேக் நடுவில், ஆக்சிலேட்டர் வலது ஓரம்.

நிதானமாக ஓட்டும்போது புத்தி பார்த்துக்கொள்ளும். திடீரென்று சைக்கிள் குறுக்கே வந்தால் புத்திக்கு எங்கே நேரம், கால்தான் முந்திக்கொள்கிறது. வலது ஓரத்தை ஓங்கி மிதித்தார். கார் பாய்ந்தது. பதறிப்போய் இன்னும் அழுத்தினார். இன்னும் பாய்ந்தது.

ஐம்பத்தெட்டு வயசு டிரைவர், கால் தப்பிப் போச்சு என்று சொன்னால் அன்றோடு சரி. சாவியை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் எந்த மகராசன் கூப்பிட்டு ஸ்டீரிங்கைக் கொடுக்கப் போகிறான்?

பழி போட ஆளும் தோதாக இருந்தான். முந்தாநாள்தான் சைதாப்பேட்டை குலாம் ரசூலின் ஷெட்டில் காரைச் சர்வீசுக்கு விட்டு எடுத்திருந்தார்கள்.

"அந்தப் பய வேலைதானா?" என்று முதலியார் பல்லைக் கடித்தார். மயிலாப்பூர் டாக்டர் கார் இப்படித்தான் தறிகெட்டு ஓடிக் குளத்துச் சுவரில் முட்டியது, ராயப்பேட்டை வக்கீல் கார் விறகுக் கடைக்குள்ளேயே புகுந்தது, எல்லாம் அவன் கை வைத்த வண்டிகள், ஊரே சொல்லியும் கேட்காமல் போனேனே என்று வீடு போய்ச் சேரும் வரை புலம்பினார்.

ஏற்கெனவே கெட்ட பேர் எடுத்தவன், இன்னொன்று சேர்ந்தால் குடியா முழுகிவிடும் என்று ஷரஃபுதீன் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மனசு ஒப்பவில்லை. அடித்துப் போட்ட மாதிரி உடம்பெல்லாம் அசதியாக இருந்தது.

சாயங்காலம் ஆள் அனுப்பி மெக்கானிக்கை வரவழைத்தார் முதலியார். வாசலில் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்த காருக்குள் தலையைக் கொடுத்து, குலாம் ரசூல் ஆக்சிலேட்டரைக் கையால் அழுத்தி விட்டான். டக்கென்று மேலே வந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடியும் டக்.

ஷரஃபுதீன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொய்யும் வெளுக்கும், வேலையும் போகும்.

குலாம் ரசூல் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். அப்புறம் காலைப் பார்த்தான்.

"பழைய வண்டிய எத்தினி வருசம் ஓட்டினே பாய்?"

"பத்தொன்பது."

தலையை ஆட்டிக்கொண்டே முதலியாரிடம் போனான்.

"தப்பு என்னுதுதான் சார். ஸ்பிரிங்கை சரியா மாட்டாம வுட்டுட்டேன். இப்ப மாட்டிட்டேன்."

முதலியார் பிடித்துக்கொண்டார். நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி வைதார். நசுங்கின முன்பக்கத்தைக் காசு வாங்காமல் தட்டிச் சரிசெய்து கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்றார். குலாம் ரசூல் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டான். சலாம் வைத்துவிட்டுப் போனான்.

ஷரஃபுதீன் பின்னாலேயே ஓடித் தெருக்கோடியில் பிடித்தார். வெட்கத்தில் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தம்பி, ஸ்பிரிங் நல்லாத்தானே இருந்துச்சு. ஏன் அப்படிச் சொன்னே?"

"எனக்கு லாரி வேலை கீது பாய், சோத்துக்குப் பஞ்சமில்லே. உனக்கு இன்னா கீது?"

உன் மேல் பழி போட்டேனே என்று ஏதோ சொல்ல வந்தார். அவன் காதில் வாங்காமல் பீடியைப் பற்ற வைத்தான். விடிஞ்சதும் ஷெட்டுக்கு வரச் சொன்னான். இஞ்சின் கழற்றின வண்டி ஒன்று செங்கல் மேல் நிற்கிறதாம், அதிலும் பிரேக் நடுவில்தானாம். காலுக்குப் பழசு மறக்கிற வரைக்கும் தினம் வந்து மிதிக்க வேண்டும் என்றான்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக ஷரஃபுதீன் சைதாப்பேட்டைக்கு நடந்தார்.

செங்கல் மேல் நின்ற வண்டியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். மயிலாப்பூர் டாக்டரின் டிரைவர் கோதண்டபாணி. "நடுவுல, நடுவுல" என்று முணுமுணுத்தபடி வேர்க்க விறுவிறுக்க மிதித்துக்கொண்டிருந்தார். கீழே, தன் முறைக்காகக் குந்தியிருந்தார் ராயப்பேட்டை வக்கீலின் டிரைவர் உமர் ஃபாரூக்.

ஷரஃபுதீன் மலைத்துப்போய் நின்றார். உமர் ஃபாரூக் நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காரு பாய். எங்க வண்டிங்க ஸ்பிரிங்கும் நல்லாத்தான் இருந்துச்சு."