ரோல்ஸ் பட்டறையில் ஒரு விசாரணை

"பாஸ்போட் ஆரிட்ட இருக்கு, அன்ரி?"

"அவரிட்ட. அலுமாரியில வைச்சுப் பூட்டியிருக்கிறார்," என்றாள் சிவமலர்.

கோதுமை மா மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பிரஷாந்தினியின் பேனா நின்றது. ரொக்ஸ்பரோ புறநகரில் ரோல்ஸ், பற்றிஸ் என்ற சிற்றுண்டிகளைச் செய்து விற்கும் அந்தப் பட்டறையின் சாமான் அறையில் அவர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள். சாத்திய கதவின் கீழ் இடைவெளியில் இரண்டு சப்பாத்துகள் போவதும் வருவதுமாக இருந்தன.

பிரஷாந்தினி, பட்டறையின் ரோல்ஸை வாங்கும் பெரிய சுப்பர்மார்க்கெட்டின் டவுன்டவுன் அலுவலகத்திலிருந்து வந்தவள். சாமான் தருகிற இடங்களில் யாரையாவது அடிமைபோல் வைத்து வேலை வாங்குகிறார்களா என்று ஒவ்வொருவராகத் தனியே விசாரிப்பது அவள் வேலை.

அவள் வருவதாக அறிவித்த கடிதம் சிவமலர் பெயருக்குத்தான் வந்திருந்தது. ஆனால் பாஸ்போட்டைப் பூட்டி வைத்திருந்தவர்தான் அதைப் பிரித்து வாசித்தார். "எல்லாத்துக்கும் நல்லம் எண்டு சொல்லு. ஓடர் போச்செண்டால் ஆறு பெட்டையளுக்கும் வேலையில்லை," என்று காலையில் மூன்று தரம் சொன்னார்.

அப்படித்தான் சொல்ல நினைத்தாள். ஆனால் "கடைசியா எப்ப லீவு எடுத்தனீங்கள்?" என்று ஒருத்தி முகத்தைப் பார்த்துக் கேட்டது பட்டறையில் நின்ற பத்தொன்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை. நாக்கு தன்பாட்டில் உண்மையைச் சொல்லிவிட்டது. சொன்னபின் அது ருசித்தது.

"மற்றப் பிள்ளையளுக்கு லீவு இருக்கு. எனக்கு இல்லை."

"சம்பளம்?"

"அந்தப் பழக்கமும் இல்லை."

"விட்டிட்டுப் போகேலாதா, அன்ரி?"

"எங்கை போறது? படுக்கிறதும் அவற்ற வீட்டிலைதானே."

பிரஷாந்தினி மூக்கை உறிஞ்சினாள். சிவமலருக்குக் குற்ற உணர்வாக இருந்தது. கொஞ்சம்தான்.

"அவற்ற பேர் என்ன?"

சிவமலர் தலை குனிந்துகொண்டாள்.

"பயப்பிடாதேங்கோ. கொம்பனியள் வெறும் அறிக்கை எழுதினால் போதாது, அடிமை வேலையைத் தடுக்கிற சட்டத்தை இறுக்கவேணும் எண்டு அரசாங்கத்தில கதைக்கினம். எங்கட கொம்பனி அதுக்கு முதலே இறுக்கிப்போட்டுது. பிழையைக் கண்டால் திருத்தவேணும். திருத்தினால்தான் ஓடர். பேரைச் சொல்லுங்கோ."

"நான் சொல்லமாட்டன் பிள்ளை. வெளியிலதான் நிக்கிறார், கேளுங்கோ."

கதவு படாரென்று திறந்தது.

"சண்முகலிங்கம்! என்ர பேர் சண்முகலிங்கம்!" சப்பாத்துக்காரர் உள்ளே வந்தார். "தங்கச்சி, இவ என்ர மனுசி. புருசன்ர பேரை வாயால சொல்லமாட்டா. இது குடும்பம், அடிமையோ?"

பிரஷாந்தினி சிவமலரைப் பார்த்தாள். பிறகு படிவத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"குடும்பமெண்டால் விடலாம் எண்டு இதில ஒரு இடத்திலயும் இல்லை, அங்கிள்."

அங்கேயே எழுதினாள். மாதச் சம்பளம். கிழமைக்கு இரண்டு நாள் ஓய்வு. பாஸ்போட் சிவமலர் கையில். உடனடியாக ஒரு மாதம் சம்பளத்தோடு விடுமுறை.

"கீழ முதலாளி கையெழுத்து வைக்கவேணும். இல்லாட்டி ஓடர் இல்லை."

நீட்டிய பேனாவை சண்முகலிங்கம் வாங்கவில்லை. மா மூட்டைகளை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் வைச்சுச் செல்லாது," என்றார் மெல்ல. "முந்தின கடை கடனில முறிஞ்சாப் பிறகு என்ர பேரில ஒண்டும் பதியேலாமல் போச்சு. கொம்பனி இவவின்ர பேரிலை."

இவ்வளவு காலம் அவர் விரல் வைத்துக் காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்து வைத்த சிவமலர், இந்தத் தாளை ஒவ்வொரு வரியாக வாசித்தாள். பிறகு ஆறுதலாகக் கையெழுத்து வைத்து, பேனாவை மூடினாள்.

"இஞ்சேருங்கோ, நான் லீவில. திங்கக்கிழமை விடிய அஞ்சு மணிக்கு என்ர இடத்தில ரோல்ஸ் சுத்த நில்லுங்கோ. பிந்தினால் எனக்குப் பிடிக்காது."