பூட்டிய அறை

மகனை அந்தப் பராமரிப்பு இல்லத்தில் விட்டு நான்கு நாள்தான் ஆகிறது. சொல்லாமல் கொள்ளாமல் பார்க்க வந்த அம்மா, அவன் அறைக்கதவின் பிடியைத் திருகினாள். பூட்டியிருந்தது. பின்னால் வந்த பராமரிப்புப் பெண்ணிடம் சீறினாள்.

“பூட்டியா வெச்சிருக்க? நாப்பது வயசானாலும் அது மூணு வயசுக் குழந்தைடி! சாவியக் குடு!”

“எங்கிட்ட இல்லம்மா,” என்றாள் பராமரிப்புப் பெண்.

“படுபாவி! பின்ன யார்கிட்ட இருக்கு?”

பிடியைப் போட்டு உலுக்கினாள். உள்ளே சத்தமே இல்லை. வலிப்பு வந்து விழுந்து கிடக்கிறானோ?

“உலுக்காதீங்கம்மா, தட்டுங்க.”

விரலால் தட்டினாள்.

“யாரு?” என்றது மகனின் குரல்.

“அம்மாடா, கண்ணா!”

“சட்டை போடுறேன்மா, நில்லு. சாவி எங்கிட்டதான் இருக்கு. நான்தான் தொறப்பேன்!”

நாற்பது வருடமாக அவனுக்குப் பொத்தான் போட்டுவிட்டவள், முதன்முறையாகக் கதவுக்கு வெளியே காத்து நின்றாள்.