வெள்ளையில் ஒன்று குறைகிறது

தட்டில் இருந்தவை பத்து மாத்திரைகளா, பன்னிரண்டா என்று இப்போது கேட்டால் சத்தியம் செய்ய முடியாது. வெள்ளையில் ஒன்று குறைந்தது மட்டும் உறுதி.

பத்தாம் வகுப்புக்குப் போதை மாத்திரைகளைப் பற்றிப் பேச, மாதிரிக்கு அந்தத் தட்டையும் எடுத்து வந்திருந்தார் மருந்துக்கடைக்காரர். "வெள்ளை, தூக்கத்தை விரட்டும். இதயத்தையும் சேர்த்து விரட்டும். மஞ்சள், ஆளை அமுக்கிப் போடும். மூச்சையும் அமுக்கிடும். முதல் தடவையே கடைசித் தடவையா ஆகலாம்."

பின்பெஞ்சில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியார் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவி விட்டார்.

இடைவேளை மணி அடித்ததும் கடைக்காரர் தட்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் போன் பேச வெளியே போனார். இடைவேளை முடிந்து எல்லோரும் திரும்பியபோது தலைமையாசிரியை தட்டருகே நின்றிருந்தார்; வெள்ளை வரிசையில் ஓர் இடம் காலி. "வெள்ளை ஒண்ணு எங்கே?"

எல்லார் கண்களும் வகுப்பின் வாயாடி மேல் போயின. 'ஒண்ணு போட்டா எத்தனை மணி நேரம் முழிச்சிருக்கலாம்?' என்று கேட்டவள் அவள்தான்.

"கேள்விதான் கேட்டேன் மேடம். முழுங்கல."

"பையைக் கொட்டு."

ஒரு சீப்பும் கடித்த பென்சிலும் விழுந்தன. தலைமையாசிரியை அவள் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்.

"நூத்திருபது! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? முதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் டி.சி."

"நீங்க கையைப் பிடிச்சா எங்கப்பாவுக்கே நூத்தம்பது அடிக்கும் மேடம்!"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "டி.சி. மட்டும் வேண்டாம் மேடம்."

கணக்கு வாத்தியார் எழுந்து வந்தார். "விடுங்க மேடம். இவ எடுத்திருக்க மாட்டா."

"உங்களுக்கு எல்லாரும் நல்லவங்கதான் சார்!"

அப்போதுதான் மருந்துக்கடைக்காரர் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"நிஜ மாத்திரையைப் பசங்க முன்னாடி வச்சுட்டுப் போவேனா? அத்தனையும் வெறும் சர்க்கரை மேடம்!"

வகுப்பே மூச்சு விட்டது. எல்லோரையும்விடப் பெரிய மூச்சு விட்டவர் கணக்கு வாத்தியார்.

"அதானே பார்த்தேன்... இன்னும் தூக்கம் சொக்குதேன்னு!"

வாயாடி தன் சீப்பைப் பொறுக்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போனாள். கணக்கு வாத்தியார், கையைக் கட்டிக்கொண்டு, தலைமையாசிரியை அறைக்குப் போனார்.