பூனைக்கும் போன மின்னஞ்சல்

சத்தியம் ஐயா, சத்தியம்! இதில் ஓர் எழுத்து பொய்யாக இருந்தால் என் மீசையை இங்கேயே மழித்துவிடுங்கள்.

சிங்காரம் என்ற சுண்டெலி, புளியமரத்தடி வளையில் கடலைமிட்டாய்க் கடை திறந்தது. ஊருக்கெல்லாம் கடை விளம்பரத்தை மின்னஞ்சலில் அனுப்பும் வேலையை ஒரு மைனாவிடம் ஒப்படைத்தது. காலை ஒன்பது மணிக்கு நாலாயிரம் பேருக்கும் தானாகப் போகும்படி மைனா நேரம் குறித்து வைத்தது.

ஒன்பதே கால் மணிக்குத்தான் சிங்காரம் முகவரிப் பட்டியலைப் பார்த்தது. நடுவில், 'பூனையார், ஓட்டு வீடு' என்று இருந்தது.

"அடிப்பாவி! பூனைக்குமா அனுப்பினே?"

"மொத்தமா வாங்கின பட்டியல், மாமா. யார் யார்னு நான் பார்க்கலை."

"வளைக்கு வழி வேற போட்டிருந்தியே!"

"பின்வாசல் வழியும் சேர்த்துத்தான் போட்டேன். போனதைத் திரும்பக் கூப்பிட முடியாது, மாமா."

சிங்காரம் இரண்டு வாசலையும் மிட்டாய் மூட்டையால் அடைத்துவிட்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தது. வெளியே சருகு அசைந்தாலும் அதற்கு உயிர் போய்ப் போய் வந்தது.

சாயங்காலம் மைனா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது.

"மன்னிச்சுடுங்க மாமா. தலைப்புல 'இலவசம்'னு ஏழு தடவை போட்டுட்டேன். அத்தனையும் ஸ்பேம் பெட்டியில விழுந்துடுச்சு. ஒருத்தர்கூடத் திறந்து பார்க்கலை."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட."

"என் ராசாத்தி!" என்று சிங்காரம் மைனாவைக் கட்டிக்கொண்டு, கடையில் இருந்த மிட்டாயையெல்லாம் அதன் முன்னால் கொட்டியது.

அந்தக் கடிதம் இன்னும் பூனையின் ஸ்பேம் பெட்டியில்தான் கிடக்கிறது. பூனை அதைத் திறந்து பார்ப்பதில்லை. அதனால், இதை நான் சொன்னேன் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.